பெயரில்லாதவனின் பாட்டு

'ஃபீலிங் குட்' கறுப்பினப் பாடகி நீனா சிமோன் எழுதிய பாட்டு என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. தன் இனத்தின் விடியலைப் பற்றித் தானே எழுதித் தானே பாடியது போலத்தான் அது காதில் விழுகிறது. எழுதியவர்களோ லண்டன்காரர்களான இரண்டு வெள்ளையர்கள்: லெஸ்லி பிரிக்கஸ், ஆண்டனி நியூலி. எழுதியது ஓர் இசை நாடகத்துக்காக. மேடையில் அதை முதலில் பாடியவர் ஓர் ஆண். இதையெல்லாம் நீனாவின் தீவிர ரசிகரிடம் சொல்லிப் பாருங்கள், "அதனால் என்ன?" என்பார். நாடகப் பாடல்களில் ஊறியவரிடம் சொன்னால், "அதைத்தான் நானும் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன்" என்பார். இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஏதாவது ஒரு பக்கம் சேர்வதற்கு முன் பாட்டு பிறந்த இடத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

நாடகத்தின் பெயர் கொஞ்சம் நீளம்: 'த ரோர் ஆஃப் த கிரீஸ்பெயின்ட், த ஸ்மெல் ஆஃப் த கிரவுட்'. 1964 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், தியேட்டர் ராயலில் அரங்கேறியது. 'சர்' என்றொருவன், 'கோக்கி' என்றொருவன். இருவரும் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். விதிகளைப் போடுவது சர். தனக்குத் தோதாக நினைத்த நேரத்தில் அவற்றை மாற்றுவதும் அவனே. கோக்கி தோற்பான், தோற்றுவிட்டு மறுபடியும் ஆட வந்து நிற்பான். மேல்தட்டும் கீழ்த்தட்டுமான ஆங்கிலேயச் சமூகத்தைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்பது யாருக்கும் புரியும். நடுவில் மூன்றாவதாக ஒருவன் வருகிறான், கறுப்பினத்தவன். 'உனக்கும் கீழே ஓர் ஆள் கிடைத்துவிட்டான், அதிகாரம் பண்ணு' என்று கோக்கியை சர் உசுப்பேற்றுகிறான். பிறகு இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, வந்தவன் சத்தமில்லாமல் ஆட்டத்தை ஜெயித்துவிடுகிறான். அப்போது அவன் பாடுவதுதான் 'ஃபீலிங் குட்'. பறவை, சூரியன், காற்று, மீன், ஆறு, தும்பி என்று ஒவ்வொன்றையும் சாட்சிக்கு அழைத்துத் தன் நிம்மதியைச் சொல்லுகிற பாட்டு.

சருக்கும் கோக்கிக்கும் பட்டப்பெயராவது இருக்கிறது. ஜெயித்தவனுக்கு அதுவும் கிடையாது. பாத்திரப் பட்டியலில் அவன் 'நீக்ரோ', அவ்வளவுதான்.

நாட்டிங்ஹாமில் அந்தப் பெயரில்லாதவனாக நின்றவர் சை கிராண்ட். இவருடைய வாழ்க்கை அந்த நாடகத்தைவிடச் சுவாரஸ்யமானது. 1919-ல் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் நேவிகேட்டராக இருந்தார். 1943-ல் அவர் போன விமானம் நெதர்லாந்தின் மேல் சுட்டு வீழ்த்தப்பட, மீதிப் போர்க்காலம் முழுக்க ஜெர்மானியர்களின் கைதிகள் முகாமில் கழிந்தது. அவருடைய படத்தை வெளியிட்ட ஜெர்மன் பத்திரிகை, இன்ன இனம் என்று நிர்ணயிக்க முடியாத விமானப்படை ஆள் என்று அடியில் குறிப்பு போட்டது. பின்னாளில் தன் போர் நினைவுகளை எழுதியபோது அந்தக் குறிப்பையே புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார் மனிதர். போர் முடிந்ததும் பாரிஸ்டருக்குப் படித்துத் தேறினார். தேறியும் வக்கீல் தொழிலில் இடம் கிடைக்கவில்லை. நடிப்புக்கும் பாட்டுக்கும் வந்தார். பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டுநைட்' நிகழ்ச்சியில் அன்றன்றைய செய்தியைக் கலிப்சோ மெட்டில் பாடி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். இனம் தெரியாதவன் என்று ஒரு நாடும், இடமில்லை என்று இன்னொரு நாடும் சொன்ன ஒருவர், மேடையில் பெயரில்லாதவனாக நின்று விடுதலைப் பாட்டுப் பாடியிருக்கிறார். 'அர்த்தத்தைக் கொடுத்ததே நீனாதான்' என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் இவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

நாடகம் இங்கிலாந்தில் சில ஊர்களைச் சுற்றியது, லண்டன் வெஸ்ட் எண்டை மட்டும் எட்டவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. டேவிட் மெரிக் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளருக்கு அது பிடித்துப்போனதால் கடல் தாண்டியது. மெரிக் பெரிய வியாபாரி. நாடகம் நியூயார்க்குக்கு வருவதற்கு முன்பே பாட்டுகளைப் பாடகர்கள் கையில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. டோனி பென்னட் பாடிய 'ஹூ கேன் ஐ டர்ன் டு' 1964-லேயே ஹிட்டாகிவிட்டது. 1965 பிப்ரவரியில் ஜான் கோல்ட்ரேன் தன் சாக்ஸஃபோனில் 'ஃபீலிங் குட்'டை வாசித்துப் பதிவு செய்தார். நாடகத்துக்கு பிராட்வேயின் ஷூபர்ட் தியேட்டரில் திரை உயர்ந்ததோ அதற்குப் பிறகு, மே 16 அன்று. கோக்கியாக நியூலியே நடித்தார். 231 காட்சிகள் ஓடியது. தோல்வி என்று சொல்ல முடியாது, வெற்றி என்று மார்தட்டவும் முடியாது.

அங்கே பாட்டைப் பாடியவர் கில்பர்ட் பிரைஸ், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கறுப்பின இளைஞர். நல்ல பயிற்சியில் முதிர்ந்த பாரிடோன் குரல். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் 'ஜெரிக்கோ ஜிம் க்ரோ' நாடகத்தில் அதற்கு முந்தைய ஆண்டு பாடியவர். அந்த ஹியூஸ் நீனாவுக்கும் நெருங்கிய நண்பர். 'ஜெரிக்கோ ஜிம் க்ரோ'வுக்காகவே புதுமுகங்களுக்கான தியேட்டர் வேர்ல்டு விருதை வாங்கியிருந்தார் பிரைஸ். ஆனால் பிராட்வேயில் திரை உயர்ந்த அடுத்த மாதமே, ஜூனில், பிலிப்ஸ் நிறுவனம் நீனாவின் 'ஐ புட் அ ஸ்பெல் ஆன் யூ' ஆல்பத்தை வெளியிட்டது. பிரைஸின் பாட்டு மெல்ல நீனாவின் பாட்டாக மாறத் தொடங்கியது.

நாடகப் பாட்டை எடுத்து வேறொன்றாக்குவது நீனாவுக்குப் புதிதில்லை. வட கரோலினாவின் ட்ரையன் ஊரில் யூனிஸ் வேமன் என்ற பெயரில் பிறந்து, கச்சேரிப் பியானோக் கலைஞராக வேண்டும் என்று பாக் வாசித்து வளர்ந்த பெண் அவர். பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. நிறத்தால்தான் என்று கடைசிவரை நம்பினார். பிழைப்புக்காக 1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையில் வாசிக்கப் போனபோது, பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. போதகரான அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று பெயரை மாற்றிக்கொண்டு பாடினார். ஊருக்கெல்லாம் தெரிந்த நாடக, சினிமாப் பாடல்கள்தான் அங்கே செலாவணி. அவற்றுக்குள் பாக்கைக் கடத்திவந்தார். 'லவ் மீ ஆர் லீவ் மீ' 1928-ல் வந்த 'ஹூப்பி' நாடகப் பாட்டு. நீனாவின் பதிவில் நடுவே வரும் பியானோ, பாக்கின் ஃபியூக் போலப் பின்னிப் பின்னிப் போகும். அதே நாடகத்தின் 1930 சினிமா வடிவத்துக்காக எழுதியது 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ'. படத்தில் அதை எடி கேன்டர் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக வேஷம் கட்டிப் பாடினார். அந்தப் பாட்டைத்தான் நீனா எடுத்தார். இன்றைக்கு அதைக் கேட்கிறவர்களுக்குக் கேன்டரையும் தெரியாது, கரியையும் தெரியாது.

அப்படிப்பட்டவர் 'ஃபீலிங் குட்'டில் என்ன செய்தார்? சொற்களில் கை வைத்ததாகப் பெரிதாக எதுவும் இல்லை. முதல் சரணம் முழுவதும் பக்கவாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் வருகிறது. தாளத்துக்குக் கட்டுப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக வைக்கிறார். சரணம் முடியும் இடத்தில் ஹால் மூனி அமைத்த பித்தளை வாத்தியங்கள் படிப்படியாகக் கீழிறங்கி வந்து மோதுகின்றன. அதன்பின் பாட்டு நிற்காது. கடைசியில் சொல் தீர்ந்து குரல் மட்டும் தனியாக உருண்டு புரள்கிறது. மொத்தம் மூன்று நிமிஷம்கூட இல்லை.

ரசிகர்களின் தகராறு இங்கேதான் சூடாகிறது. மூனியின் ஆர்கெஸ்ட்ரா கொஞ்சம் அதிகம், துப்பறியும் சினிமாவுக்கு வாசித்தது மாதிரி இருக்கிறது, பியானோவும் நீனாவும் மட்டும் போதாதா என்று ஒரு கட்சி. (பிரிக்கஸும் நியூலியும்தான் 'கோல்ட்ஃபிங்கர்' படப் பாட்டின் வரிகளையும் எழுதினார்கள் என்பது இவர்களுக்குக் கிடைத்த தற்செயல் சாட்சி.) இது போராட்டப் பாட்டு, 1965-ல் வேறெப்படியும் கேட்க முடியாது என்று இன்னொரு கட்சி. அதிலும் நியாயம் உண்டு. அந்த மார்ச்சில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்காக மான்ட்கோமரியில் நீனா பாடினார். பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்த பிறகு கொதித்து எழுதிய 'மிஸிஸிப்பி காடாம்' பாட்டைத்தான் பாடினார். அந்தப் பாட்டையே முந்தைய ஆண்டு கார்னகி ஹாலில் அறிமுகப்படுத்தும்போது, இது ஒரு நாடகப் பாட்டு, நாடகம்தான் இன்னும் எழுதப்படவில்லை என்று கேலியாகச் சொல்லியிருக்கிறார்.

போராட்டக் கட்சிக்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடும் ஒன்று உண்டு. அதே ஆல்பத்தில் அதே நாடகத்திலிருந்து இன்னொரு பாட்டும் இருக்கிறது, 'பியூட்டிஃபுல் லேண்ட்'. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மிட்டாயோ பழமோ சொல்லிக்கொண்டு போகும் குழந்தைப் பாட்டு. 'மேரேஜ் இஸ் ஃபார் ஓல்ட் ஃபோக்ஸ்' வேறொரு நாடகத்திலிருந்து வந்தது. ஆக, சந்தையில் சுற்றிய நாடகப் பாட்டுக் கட்டிலிருந்து உருவிய சீட்டுகளில் ஒன்றாகத்தான் 'ஃபீலிங் குட்' நீனாவின் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஞானோதயம், அறைகூவல் என்றெல்லாம் அந்தக் கணத்தை ஜோடிக்க வேண்டியதில்லை.

நாடகக் கட்சியோடும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பாட்டில் கறுப்பின விடுதலை முதலிலிருந்தே இருந்தது, நீனா புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பது அவர்கள் வாதம். இருந்தது உண்மைதான். ஆனால் மேடையில் அது எப்படி வந்த விடுதலை? இரண்டு வெள்ளையர்கள் தங்கள் சண்டையில் மும்முரமாக இருந்ததால், கவனிக்க ஆளில்லாத நேரத்தில் கிடைத்தது. பாடி முடித்தவன் நகர்ந்துவிடுவான், கதை மறுபடி அந்த இரண்டு பேரைப் பற்றியதாகிவிடும். வாத்தியம் இல்லாத அந்த முதல் சரணத்தில் நீனா அந்த இருவரையும் மேடையிலிருந்து இறக்கிவிடுகிறார். ஆட்டமும் இல்லை, விதியும் இல்லை, எதிராளியும் இல்லை. அவர் எதைக் கடந்து வந்தார் என்று பாட்டு சொல்வதில்லை. கேட்பவர்கள் தங்கள் தங்கள் கஷ்டத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்ள முடிவது அதனால்தான். இந்த வேலையை கிராண்டோ பிரைஸோ செய்திருக்க முடியாது. அவர்களுக்குப் பின்னால் சரும் கோக்கியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

1994-ல் பிரிட்டனில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்று நீனாவின் பதிவைப் புதிய தலைமுறையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2001-ல் மியூஸ் குழு கித்தாரைக் கதறவிட்டுப் பாடியது. 2005-ல் மைக்கேல் பூப்ளே கோட்டு சூட்டோடு பாடினார். 2011-ல் ஜே-ஸீயும் கான்யே வெஸ்ட்டும் நீனாவின் குரலை அறுத்துத் தங்கள் ராப்புக்குள் வைத்தார்கள். 2023-ல் விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' படம் முடிவதே இந்தப் பாட்டில்தான். கழிப்பறை துப்புரவுத் தொழிலாளி வேன் ஓட்டியபடி அழுவதும் சிரிப்பதுமாக இருக்கும் அந்தக் காட்சியை நம் ஊர்த் திரைவிழாப் பார்வையாளர்களும் பார்த்திருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் பலரும் பின்பற்றுவது நீனாவின் அமைப்பைத்தான், மூனியின் அந்தப் பித்தளை இறக்கத்தோடு சேர்த்து. ஆர்கெஸ்ட்ரா அதிகம் என்று முனகும் கட்சிக்கு இது கொஞ்சம் சங்கடம்.

கில்பர்ட் பிரைஸ் பிறகும் பல நாடகங்களில் நடித்தார், டோனி விருதுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார், 1991-ல் வியன்னாவில் இறந்தார். அவர் பாடியது பிராட்வே குழுவின் இசைத்தட்டில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். முதலில் அதைக் கேட்டுவிட்டு அப்புறம் நீனாவிடம் போங்கள். நீனாவைக் கேட்டுவிட்டுப் பிரைஸிடம் போனால், பாவம், அவர்தான் யாரையோ பார்த்துப் பாடுவது போலத் தோன்றும்.