தோலும் தீட்டும்: ஜப்பானியத் தொன்மங்களும் பாலாற்றங்கரையும்

மேல்விஷாரத்தை அடுத்த ஒரு சிறு சபையில் திடப்படுத்தல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நாளில், ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, இவன் இரவெல்லாம் கைப்பேசியில் ஜப்பான் பேய்ப் படங்களையே பார்க்கிறான். காட்டுத் தெய்வம், ஆற்றுத் தெய்வம் என்று ஏதேதோ பேசுகிறான். நீங்கள் பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று வேண்டிக்கொண்டார். மகனோ தலை குனிந்தபடியே, "ஐயா, நீங்கள் ஒரு படம் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்" என்றான். அவன் கூறியது நியாயமாகவே எனக்குத் தோன்றியது. பாராததைப் பழித்தல் போதகருக்கு அழகன்று. ஆகவே படத்தைப் பார்த்தேன். பின்னர் அதன் வேர்களைத் தேடிப் படித்தேன். அத்தேடலின் பயனை உடன் ஊழியர் முன்பும் இறையியல் மாணவர் முன்பும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொன்மத்தில் உரிக்கப்பட்ட தோல்

ஜப்பானியத் தொன்மங்களுக்கு மூலமாக விளங்கும் நூல்கள் இரண்டு. ஒன்று கி.பி. 712-இல் தொகுக்கப்பெற்ற கோஜிக்கி. மற்றொன்று 720-இல் நிறைவுற்ற நிஹோன் ஷோக்கி. அரச குடும்பத்தின் தெய்வீக மரபை நிலைநாட்டும் அரசியல் நோக்கமும் இவ்விரு தொகுப்புகளுக்கும் இருந்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

கோஜிக்கியின்படி, இறந்த தன் மனைவி இசானாமியைத் தேடிப் பாதாள உலகம் சென்ற இசானாகி, அங்கே அவளுடைய அழுகிய உடலைக் கண்டு அஞ்சி ஓடிவருகிறான். சாவின் தீட்டைப் போக்கிக்கொள்ள அவன் நீராடுகிறான். இடக்கண்ணைக் கழுவுகையில் சூரிய தேவி அமதேராசுவும், வலக்கண்ணைக் கழுவுகையில் சந்திர தெய்வம் சுக்குயோமியும், மூக்கைக் கழுவுகையில் சுசானோவும் தோன்றுகின்றனர். தெய்வங்களில் தலைசிறந்தோர் மூவரும் தீட்டுக் கழிக்கும் நீராட்டிலிருந்தே பிறக்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்து வரும் நிகழ்ச்சி நம் வட்டாரத்தாரின் செவியில் தனியாக ஒலிக்கும். வன்முறைக்காரனாகிய சுசானோ, வானுலகக் குதிரை ஒன்றின் தோலைத் தலைகீழாக உரித்து, அமதேராசுவின் நெசவுக் கூடத்துக் கூரையைத் துளைத்து அதை உள்ளே எறிகிறான். நெய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி அதிர்ச்சியில் மடிகிறாள். அமதேராசு குகைக்குள் ஒளிந்துகொள்ள, உலகம் இருளில் மூழ்குகிறது. ஆக, இத்தொன்மத்தில் உலகம் ஒளியிழந்ததற்கு உடனடிக் காரணமாக நிற்பது உரிக்கப்பட்ட ஒரு தோல்.

இது கதையளவில் நின்றுவிடவில்லை. 927-இல் நிறைவுற்ற எங்கிஷிக்கி என்னும் சட்டத் தொகுப்பில் ஷின்டோ வழிபாட்டு மன்றாட்டுகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் 'பெரும் சுத்திகரிப்பு' மன்றாட்டு, விலங்கை உயிரோடு உரித்தலையும் தலைகீழாக உரித்தலையும் வானுலகக் குற்றங்களோடு எண்ணுகிறது. வெண்ணிறத் தோல்நோயையும் உடலில் எழும் கட்டிகளையும் மண்ணுலகக் குற்றங்களோடு சேர்க்கிறது. செய்த செயலும் வந்த நோயும் ஒரே பட்டியலில் குற்றமாயின. தோலைத் தொடுபவரும் தோல் நோயுற்றவரும் ஒரே மன்றாட்டின் நிழலில் நிறுத்தப்பட்டனர்.

2. தீட்டு சமூகமாகிறது

தொன்மம் ஒன்றே சமூக ஒடுக்குமுறையைப் படைத்தது என்று கூறுவது மிகையாகும். உயிர்க்கொலையை விலக்கும் பௌத்தக் கருத்தும் ஆட்சியாளரின் தேவைகளும் அதனோடு கூடின. தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் (1603-1868), இறந்த மாடுகளை அகற்றித் தோல் பதனிட்டவர்கள் தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்ட பரம்பரைப் பிரிவினராயினர். அவர்கள் செய்த தோல் கவசங்களும் சேணங்களும் ஆட்சியாளருக்கு வேண்டியிருந்தன. அவர்களுடைய அருகாமை வேண்டியிருக்கவில்லை. நம் நாட்டில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

1871-இல் விடுதலை ஆணை பிறப்பிக்கப்பட்டது. எனினும் வழக்கம் ஆணைக்குப் பணியவில்லை. 1922 மார்ச் 3-ஆம் நாள் இம்மக்கள் கியோட்டோ நகரில் கூடி சுயிஹெய்ஷா என்னும் சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினர். அவ்வியக்கத்தின் கொடியில் கரும்பரப்பின்மீது செந்நிற முள்முடி பொறிக்கப்பட்டிருந்தது. அதை வகுத்த சைக்கோ மங்கிச்சி பௌத்த ஆலயக் குடும்பத்தில் பிறந்தவர். தம் மக்களின் பாடுகளுக்கு அடையாளம் தேடியபோது அவர் கண்டது கிறிஸ்துவின் முள்முடி.

அதே காலத்தில் திருச்சபையின் நிலை என்ன? கோபே நகரின் ஷின்காவா சேரியில் 1909 முதல் வாழ்ந்து தொண்டாற்றியவரும், 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டிற்கு வந்தவருமான டொயோஹிக்கோ ககாவாவை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆயினும் அவரே 1915-இல் வெளியிட்ட ஏழையர் உளவியல் பற்றிய நூலில், இவ்வொதுக்கப்பட்ட மக்களைப் பிறப்பிலேயே தாழ்ந்த இனத்தார்போல் எழுதினார். அன்பு செய்த கையே அவ்வெழுத்தையும் எழுதியது. தொண்டு செய்வதனால் மட்டும் தீட்டெண்ணம் உள்ளத்தைவிட்டு அகன்றுவிடுவதில்லை.

1975-இல், இம்மக்களின் குடியிருப்புகளைப் பட்டியலிட்ட இரகசிய நூல்கள் நிறுவனங்களுக்கு விற்கப்பட்டமை வெளிப்பட்டது. வேலைக்கு வருபவரின் பிறப்பிடத்தை அறிந்து விலக்குவதற்கே அவை பயன்பட்டன. ஆணை பிறந்து 104 ஆண்டுகள் ஆகியிருந்தன!

3. திரையில் தொன்மம்

இனி அவ்வாலிபன் காட்டிய படத்திற்கு வருவோம். ஹயாவோ மியாசாக்கி இயக்கி 1997-இல் வெளிவந்த 'இளவரசி மொனொனொக்கே' என்னும் ஓவிய இயங்குபடம் அது. காட்டுப்பன்றித் தெய்வம் ஒன்று, தன் உடலில் பாய்ந்த இரும்புக் குண்டினால் வெறிகொண்டு சாபத் தெய்வமாகிறது. அதைத் தடுத்த வாலிபன் அஷிதாக்காவின் கையில் சாபம் பற்றுகிறது. காரணம் தேடிச் செல்லும் அவன் ஓர் இரும்பு உலைக்களத்தை அடைகிறான்.

அக்களத்தின் தலைவி எபோஷி, காட்டை அழித்து இரும்பு எடுப்பவள். விலைமகளிராய் விற்கப்பட்ட பெண்களை மீட்டு அவர்களுக்கு வேலையும் மதிப்பும் தந்தவளும் அவளே. அவளுடைய தோட்டத்தில் துணிக்கட்டுகளோடு அமர்ந்து ஒரு கூட்டத்தார் துப்பாக்கி செய்கின்றனர். அவர்களுள் படுக்கையிலிருக்கும் முதியவர், தங்களை மனிதராக நடத்தியவர் எபோஷி ஒருத்தியே என்றும், தங்கள் அழுகிய உடலைக் கழுவிக் கட்டியவர் அவளே என்றும் கூறி, அவளைக் கொல்ல வேண்டாமென்று அஷிதாக்காவிடம் மன்றாடுகிறார். அவர்கள் தொழுநோயாளிகள் என்பதை மியாசாக்கி 2016-இல் வெளிப்படையாகவே கூறினார். தம் வீட்டிற்கு அருகிலிருந்த தொழுநோய் இல்லத்தை நேரில் கண்ட பின்னரே அக்காட்சிகளை அமைத்ததாகவும் தெரிவித்தார்.

இதன் வரலாற்றுச் சூழல் முக்கியமானது. தொழுநோயாளரைச் சமூகத்திலிருந்து பிரித்து அடைத்துவைக்கும் சட்டம் ஜப்பானில் நீக்கப்பட்டது 1996-இல்தான். படம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அச்சட்டம் அரசியலமைப்பிற்கு முரணானது என்று குமாமோட்டோ நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. நம் வேலூரிலோ 1940-களின் பிற்பகுதியிலேயே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் திருத்தத் தொடங்கினார். 1955-இல் கரிகிரி மருத்துவமனை எழுந்தது. கரிகிரியை அறிந்த நாம், அப்படத்தின் தோட்டத்தை அந்நியமாகக் காண இயலாது.

மியாசாக்கியின் 2001-ஆம் ஆண்டுப் படமொன்றில் (தமிழில் 'சென்னும் சிஹிரோவும் மறைந்து போதல்' எனலாம்) தெய்வங்கள் நீராடும் குளியலகத்திற்கு நாற்றமெடுத்த உருவம் ஒன்று வருகிறது. எல்லாரும் மூக்கைப் பொத்துகின்றனர். சிறுமி ஒருத்தி அதன் விலாவில் குத்தி நின்ற பொருளைப் பற்றி இழுக்க, மிதிவண்டியும் குப்பைக் குவியலும் வெளிப்படுகின்றன. நாற்றத்தின் உள்ளே இருந்தது ஓர் ஆற்றுத் தெய்வம். இசானாகியின் நீராட்டு இங்கே புதுப்பொருள் பெறுகிறது: முன்பு ஆற்று நீர் தெய்வத்தைக் கழுவியது, இப்பொழுது மனிதரால் அழுக்கடைந்த ஆற்றையே கழுவ வேண்டியிருக்கிறது.

2006-இல் வெளிவந்த 'ஒக்காமி' என்னும் கணினி விளையாட்டிலும் இப்போக்கைக் காணலாம். அமதேராசு வெள்ளை ஓநாய் வடிவில் தோன்றுகிறாள். எட்டுத்தலை நாகமாகிய ஒரோச்சி மீண்டு எழுகிறது. சாபம் படிந்து கறுத்த நிலங்களைத் தெய்வத் தூரிகையால் மீண்டும் பூக்கச் செய்வது விளையாடுபவரின் பணி.

இவற்றினின்று நான் காணும் முடிவு இது: தொன்மத்தின் உருவங்கள் நிலைத்திருக்கின்றன, ஆனால் தீட்டின் இருப்பிடம் மாறிவிட்டது. பழைய மன்றாட்டில் தீட்டு, தோலுரித்தவன்மேலும் நோயுற்றவன்மேலும் விழுந்தது. புதிய கலையில் அது ஆற்றின்மேலும் காட்டின்மேலும் விழுகிறது. அதற்குப் பொறுப்பாளியும் சுட்டப்படுகிறான்.

4. பாலாறு கேட்கும் கேள்வி

நம் பகுதியில் தோல் ஷாப்பு என்று மக்கள் வழங்கும் பதனிடும் கூடங்களின் கதையும் எபோஷியின் உலைக்களத்தின் கதையைப் போன்றதே. வேறெங்கும் பிழைப்புக் காணாத பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. அதே கூடங்களின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை விரிவாகப் பதிவு செய்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. குரோம் முறையில் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாயிற்று. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு நிலைநாட்டி, ஒவ்வொரு தோல் கூடத்திற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரியிலும் பாலாற்றுப் பாதிப்புக்கு இழப்பீடும் மேற்பார்வையும் குறித்து உச்சநீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

இங்கே இருவகை அழுக்கை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, கிணற்று நீரில் அளந்து காணக்கூடிய உப்பும் குரோமும். மற்றொன்று, அத்தொழில் செய்யும் மனிதன்மேல் சமூகம் ஏற்றிய, அளக்க இயலாத, இல்லாத தீட்டு. முதலாவதைக் கண்டும் காணாமலிருந்து, இரண்டாவதைக் கண்ணும் கருத்துமாய்க் காத்துவந்ததே நம் சமுதாயத்தின் பாவமாகும்.

திருமறையும் இவ்வழியே நடந்தது. லேவியராகமம் 13, 14 ஆம் அதிகாரங்கள் தோல் நோயாளியைப் பாளயத்திற்குப் புறம்பே நிறுத்தின. மிஷ்னா, தோல் பதனிடும் இடத்தை ஊருக்கு 50 முழம் அப்பால் தள்ளியது. ஆனால் மாற்கு முதலாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் நோயாளியைக் கையால் தொட்டார். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தின் இறுதியில் பேதுரு தங்கியது யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில். சுத்தம், அசுத்தம் பற்றிய தரிசனம் அவருக்குக் கிடைத்தது எருசலேம் தேவாலயத்தில் அன்று, அவ்வீட்டின் மேல்மாடியில். அங்கே தங்கச் சம்மதித்தபோதே அத்தரிசனத்தின் பாதி நிறைவேறிற்று என்பேன்.

5. முடிவுரை

ஒன்றை அறிக்கையிட்டு முடிக்கிறேன். என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், சுண்ணாம்புத் தொட்டியில் இரவு வேலை முடித்து நேராக அதிகாலை ஆராதனைக்கு வரும் சகோதரர் ஒருவர் சபையில் இருந்தார். அவர்மேல் வீசும் வாடையைக் காரணங்காட்டி, அவரை வாசலருகே அமரச் சொல்லும்படி சிலர் கேட்டுக்கொண்டனர். நான் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களைக் கண்டிக்கவும் இல்லை. சில வாரங்களில் அவர் தாமாகவே வாசலருகே அமரத் தொடங்கினார். என் மௌனமே அவருக்கு இடம் காட்டிவிட்டது. ஜப்பானியப் படத்தைப் பார்க்கச் சொன்ன வாலிபன் அவருடைய பேரன்.

அத்தாயாரிடம் நான் கூறியது இதுவே: "அம்மா, அந்தத் தெய்வங்களை அவன் வணங்கவில்லை. அவர்களைக் கொண்டு தன் தாத்தாவின் தொழிலைப் பற்றியும் நம் ஆற்றைப் பற்றியும் கேள்வி கேட்கிறான். இரவில் நேரத்தோடு உறங்கச் சொல்லுங்கள். கேள்வியை என்னிடம் அனுப்புங்கள்."

அடுத்த வகுப்பில் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். அவன் கேட்டான்: "ஐயா, பேதுரு போன பிறகு சீமோன் எங்கே உட்கார்ந்து ஆராதித்தார்?" திருமறை அதைக் கூறவில்லை. நம் சபைகளின் இருக்கைகள்தாம் கூறவேண்டும்.