தென்னாப்பிரிக்காவில் சூரிய மின்னாற்றல் வளர்ச்சியும் நிலக்கரி சார்ந்த மின்னமைப்பின் தடைகளும் (1998–2024)

ஆய்வுச் சுருக்கம்

தென்னாப்பிரிக்காவில் சூரிய மின்னாற்றலின் வளர்ச்சி தடைப்பட்டமைக்கு விலை முதன்மைக் காரணமன்று. மின்சாரத்தை உற்பத்தி செய்தல், கொள்முதல் செய்தல், கடத்துதல் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்திடம் குவிந்திருந்தமையே காரணம் என்பதை வரலாற்று நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சூரிய மின்னாற்றல், நிலக்கரி, எஸ்காம், மின்தொடரமைப்பு, தென்னாப்பிரிக்கா

முன்னுரை

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணம் உலகில் சூரியக் கதிர்வீச்சு மிகுதியாகக் கிடைக்கும் நிலப்பகுதிகளுள் ஒன்று. ஆயினும் அந்நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு அளவு நிலக்கரியிலிருந்தே பெறப்பட்டு வருகிறது. இம்முரண்பாட்டின் வேர்களை அந்நாட்டு மின்துறையின் அமைப்பிலேயே தேட வேண்டியுள்ளது.

எஸ்காமும் நிலக்கரியும்

1922ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்படி 1923இல் தோற்றுவிக்கப்பட்ட அரசு நிறுவனம் எஸ்காம். சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மலிவான மின்சாரம் வழங்குவது அதன் நோக்கமாக இருந்தது. அதன் அனல்மின் நிலையங்களுள் பெரும்பாலானவை, இன்று ம்புமலாங்கா எனப்படும் கிழக்குப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டி எழுந்தன. உயர் அழுத்த மின்பாதைகளும் அப்பகுதியை மையமாகக் கொண்டே விரிந்தன.

எஸ்காமின் உபரி உற்பத்தித் திறன் ஏறத்தாழ 2007இல் தீர்ந்துவிடும் என 1998ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கை வெள்ளை அறிக்கை எச்சரித்தது. உரிய காலத்தில் முதலீடு செய்யப்படாமையால் 2008 தொடக்கத்தில் நாடு கடும் மின்வெட்டுக்கு உள்ளானது. இதற்கு அரசு கண்ட தீர்வும் பெரும்பாலும் நிலக்கரியே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4,800 மெகாவாட் திறனுடைய மெடுபி, குசிலே அனல்மின் நிலையங்களின் பணிகள் தொடங்கப்பட்டன. மெடுபியின் இறுதி அலகு 2021இல்தான் வணிக உற்பத்தியை எட்டியது.

ஏலமும் ஒப்பந்தமும்

புதுப்பிக்கத்தக்க ஆற்றலைத் தனியாரிடமிருந்து ஏலமுறையில் பெறும் திட்டம் 2011இல் தொடங்கியது. நான்கு சுற்றுகளுக்குள் சூரிய மின்சாரத்தின் விலை தொடக்க விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வடக்கு கேப்பில் 75 மெகாவாட் திறனுடைய கால்க்புல்ட் நிலையம் 2013இல் செயற்படத் தொடங்கியது. தொழில்நுட்பமும் முதலீடும் கிடைத்தன என்பதற்கு இவை சான்று.

ஆனால் ஏலத்தில் வென்றோரின் மின்சாரத்தை வாங்க வேண்டிய எஸ்காமே அவர்களின் போட்டியாளராகவும் இருந்தது. 2016இல் புதிய கொள்முதல் ஒப்பந்தங்களில் கையெழுத்திட அது மறுத்தது. காற்றாலை, சூரிய ஆற்றல் உள்ளிட்ட 27 திட்டங்களின் ஒப்பந்தங்கள் 2018 ஏப்ரலில்தான் நிறைவேறின. விலை வீழ்ந்துவந்த காலத்திலேயே புதிய கட்டுமானம் முடங்கியது. எனவே இத்தேக்கத்தை விலையைக் கொண்டு விளக்க இயலாது.

வாழ்வாதார அச்சம்

எதிர்ப்பு எஸ்காமுக்குள் மட்டும் நிலவவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களை நேரடியாக நம்பியிருந்த தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர். 2017 மார்ச்சில் நிலக்கரி லாரி உரிமையாளர்கள் பிரிட்டோரியாவின் சாலைகளை மறித்தனர். ஓராண்டுக்குப் பின், உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சா ஒப்பந்தங்களைத் தடுக்க நீதிமன்றத்தை நாடியது. சூரியப் பூங்காக்கள் வடக்கு கேப்பில் எழ, வேலையிழப்பு அச்சம் ம்புமலாங்காவைச் சூழ்ந்தது. கோமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டபோது இவ்வச்சம் கண்கூடானது. ஆகவே இவ்வெதிர்ப்பைப் பிற்போக்கு எனத் தள்ளிவிடுவது பொருந்தாது.

மின்தொடரமைப்பின் போதாமை

நிலக்கரிப் பகுதியை மையமாகக் கொண்ட மின்பாதைகளால் மேற்குப் பகுதியின் மின்சாரம் முழுவதையும் ஏற்க இயலவில்லை. 2022 இறுதியில் முடிவு அறிவிக்கப்பட்ட ஆறாம் ஏலச் சுற்றில் காற்றாலைத் திட்டம் ஒன்றுகூடத் தேர்வாகவில்லை. கேப் மாகாணங்களின் மின்பாதைகளில் இணைப்புக்கு இடமின்மையே காரணம். வடக்கு கேப்பின் சூரியத் திட்டங்களையும் இதே நெருக்கடி கட்டுப்படுத்தியது.

மேற்கூரை சூரிய ஆற்றல்

மின்வெட்டு உச்சமடைந்தபோது மக்கள் தாமே வழி தேடினர். எஸ்காமின் மதிப்பீட்டின்படி, 2022 மார்ச்சில் 1,000 மெகாவாட்டுக்கும் குறைவாக இருந்த மேற்கூரை சூரிய ஆற்றல் 2023 நடுவில் 4,400 மெகாவாட்டைக் கடந்தது. எனினும் தகடுகளும் மின்கலங்களும் வாங்க வசதி படைத்தோரே இவ்வழியில் செல்ல முடிந்தது. அவர்கள் வாங்கும் மின்சாரம் குறையக் குறைய, மின்விற்பனை வருவாயை நம்பிய நகராட்சிகள் பாதிக்கப்பட்டன. மின்தொடரமைப்பைப் பேணும் செலவுச் சுமை எஞ்சிய நுகர்வோரை நோக்கி நகர்ந்தது. பொது அமைப்பு தவறவிட்ட மாற்றம் தனிமனித முயற்சியாக நிகழ்ந்தபோது, நிற, வருவாய் ஏற்றத்தாழ்வு மிக்க அச்சமூகத்தில் வெளிச்சமும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

முடிவுரை

எஸ்காமிலிருந்து பிரிக்கப்பட்ட தேசிய மின்தொடரமைப்பு நிறுவனம், அதன் துணை நிறுவனமாக 2024 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. 1998ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை முன்வைத்த சீர்திருத்தத் திசையில் கால் நூற்றாண்டுக்குப் பின் எடுத்துவைக்கப்பட்ட அடி இது. நிலக்கரி சார்ந்த வளரும் நாடொன்றில் மலிவான சூரியத் தகடு மட்டும் மாற்றத்தைக் கொணராது என்பதைத் தென்னாப்பிரிக்க வரலாறு காட்டுகிறது. வாங்குவோர் யார், மின்பாதை யாருடையது, வேலையிழப்போருக்கு மாற்று என்ன என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாதவரை, விலைவீழ்ச்சியின் பயன் வசதி படைத்தோரின் கூரையோடு நின்றுவிடும்.