கல்பாக்கம் நீர்மூழ்கி முன்மாதிரி அணுஉலை

அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலுக்காகச் செங்கல்பட்டு மாவட்டம் கல்பாக்கத்தில் தரையிலேயே கட்டப்பட்ட சோதனை உலை. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்தது. வெளியில் வழங்கிய பெயர் பி.ஆர்.பி.

இந்தியாவின் அணு நீர்மூழ்கி முயற்சி தொடங்கிய காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1960களின் இறுதி என்பர் சிலர்; 1970களின் நடுப்பகுதி என்பர் வேறு சிலர். தொடக்க கால வடிவமைப்புகள் கடற்படைக்கு நிறைவளிக்கவில்லை என்று கூறப்படுகிறது. 1988 முதல் 1991 வரை சோவியத் ஒன்றியத்திடம் குத்தகைக்கு எடுத்த ஐ.என்.எஸ். சக்ரா என்ற அணு நீர்மூழ்கியில் இந்திய மாலுமிகள் அனுபவம் பெற்றனர்.

உலை 2003 நவம்பர் 11 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. 2006 செப்டம்பர் 22 அன்று இயங்கு நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. அணு நீர்மூழ்கியான அரிஹந்த் 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்படும்வரை இந்த உலையைப் பற்றி அதிகாரபூர்வமாக அதிகம் பேசப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 2 அன்று, அணுசக்தி ஆணையத் தலைவர் அனில் ககோட்கர் செய்தியாளர்களை உள்ளே அழைத்துச் சென்றார். இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரு நாளில் வெளிவந்ததே.

நீர்மூழ்கியின் உடற்பகுதி போன்ற எஃகுக் கூட்டுக்குள் உலை, நீராவி ஆக்கி, விசையாழி எல்லாம் கப்பலில் உள்ளபடியே நெருக்கமாக அமைந்திருந்தன. செறிவூட்டிய யுரேனியம் எரிபொருள். சாதாரண நீரே குளிர்விப்பானும் மட்டுப்படுத்தியும். உயர் அழுத்தத்தால் கொதிக்காமல் சுழலும் முதல் சுற்று நீர், தன் வெப்பத்தால் இரண்டாம் சுற்று நீரை ஆவியாக்க, அந்த ஆவி விசையாழியைச் சுழற்றும். மின்நிலைய உலை பெரும்பாலும் ஒரே சீராக ஓடினால் போதும். கப்பல் உலையோ வேகம் கூடக் குறைய உடனுக்குடன் ஈடுகொடுக்க வேண்டும். தரையில் சோதித்ததற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவும் நாட்டிலஸ் என்ற அணு நீர்மூழ்கிக்கு முன் 1953இல் கடலே இல்லாத ஐடஹோவில் இப்படியொரு உலையை இயக்கிப் பார்த்தது. கல்பாக்கத்திலோ கடல் கூப்பிடு தூரத்தில்தான். அரிஹந்தின் மாலுமிகள் பயிற்சி பெற்றதும் கடலில் இறங்காத இந்தக் கப்பலில்தான்.

எரிபொருளின் செறிவு எவ்வளவு என்பதில் வல்லுநர் கணிப்புகள் வேறுபடுகின்றன. உள்நாட்டு உழைப்பா, ரஷ்ய உதவியா என்ற விவாதமும் தீர்ந்தபாடில்லை. ஆலோசகர்களாக ரஷ்யர்கள் முக்கியப் பங்காற்றியதை ககோட்கரே நன்றியுடன் குறிப்பிட்டார்.

அரிஹந்தின் 83 மெகாவாட் வெப்பத்திறன் உலை 2013 ஆகஸ்டில் உயிர்பெற்றது. அதே வகையின் இரண்டாம் கப்பலான அரிகாத் 2024 ஆகஸ்ட் 29 அன்று கடற்படையில் சேர்ந்தது.