293318625600: இராமானுசன் பட்டியலில் விடுபட்ட எண்

293318625600 என்பது 12 இலக்கங்கள் கொண்ட ஓர் உயர் பகு எண் ஆகும். சொல்லில் எழுதினால், 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1915இல் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியலில் விடுபட்டுப்போன எண் இதுவே.

உயர் பகு எண்

தனக்கு முந்தைய எல்லா இயல் எண்களையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என 6 காரணிகள் உண்டு. 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் 4க்கு மேல் காரணிகள் இல்லை. 24, 36, 48, 60 ஆகியவை அடுத்து வரும் உயர் பகு எண்கள்.

எண்ணின் அமைப்பு

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

காரணிகளின் எண்ணிக்கையைக் காண, ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

இதற்கு முந்தைய உயர் பகு எண்ணான 240940299600க்கு 4800 காரணிகள். அடுத்து வரும் 321253732800க்கு 5376 காரணிகள். பகா எண்கள் 2 முதல் இடைவிடாமல் வருவதையும், அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என ஏறாமல் செல்வதையும் கவனிக்கலாம். உயர் பகு எண்கள் அனைத்துக்கும் இவ்விரு பண்புகளும் பொருந்தும். ஏறுவரிசையில் அடுக்குகள் இருந்தால், அவற்றை இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் காரணிகள் கொண்ட சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம் என்பதே காரணம்.

வரலாறு

எஃப்.ஏ. தேர்வில் தேறாத இராமானுசன், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் உயர் பகு எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை வெளிவந்தது. இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது.

கழகத்தின் பணத் தட்டுப்பாட்டால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. அப்பகுதி 1997இல் நிக்கோலா, ரோபன் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளுடன் 'இராமானுசன் ஆய்விதழில்' வெளியானது.

விடுபட்டதன் பொருள்

கணினி இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டு உருவான அப்பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. அதன் கடைசி எண் 6746328388800. அதற்கு 10080 காரணிகள். விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது இந்தக் கடைசி எண்தான்.

இந்த விடுபாட்டால் இராமானுசனின் தேற்றங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவை பட்டியலைப் பார்த்து ஊகித்தவை அல்ல, நிறுவப்பட்டவை. பட்டியலில் ஓர் எண் தவறலாம்; சரியான நிறுவல் எல்லா எண்களுக்கும் பொருந்தும். விடுபட்ட எண்ணும் அவர் நிறுவிய பண்புகளுக்கு அப்படியே கட்டுப்பட்டு நிற்கிறது.