கிரீட் தீவின் தாடிப் பாறு
கிரேக்கத்தின் கிரீட் தீவு மலைகளில் வாழும் பெரிய பிணந்தின்னிப் பறவை. விலங்கியல் பெயர் ஜிப்பேட்டஸ் பார்பேட்டஸ். விரித்த சிறகின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். எடை 5 முதல் 7 கிலோ. அலகின் கீழே கறுப்பு மயிர்க்கற்றை தொங்குவதால் தாடிப் பாறு என்று பெயர். கிரீட் மேய்ப்பர்கள் இதைக் 'கொக்கலாஸ்', அதாவது எலும்புக்காரன், என்கிறார்கள்.

உணவில் பெரும்பகுதி எலும்புதான். மற்றப் பாறுகள் தின்று தீர்த்த ஆட்டின் கால் எலும்பைத் தூக்கிக்கொண்டு உயரே போய்ப் பாறைமேல் போடும். உடையவில்லையா, மறுபடி தூக்கும். சில்லுகளை அப்படியே விழுங்கிவிடும். மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். வெளிறிய மார்பு செம்மண் குளியலால் காவியேறியிருக்கும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் குறிப்பிடும் 'ஃபீனி' இதுவே என்பர். கழுகு தள்ளிவிட்ட குஞ்சை அது எடுத்து வளர்க்கும் என்றார் அவர். உண்மையில் இதன் கூட்டிலேயே மூத்த குஞ்சு இளையதைக் கொன்றுவிடும். சிசிலித் தீவில் நாடகாசிரியர் ஏஸ்கைலஸின் வழுக்கைத் தலையில் கழுகொன்று ஆமையைப் போட்டுக் கொன்றதாக ஒரு பழங்கதை உண்டு. கட்டுக்கதையாகவே இருக்கட்டும், அதைக் கட்டியவர் உயரத்திலிருந்து போட்டு உடைக்கும் இப்பறவையின் வழக்கம் அறிந்தவராக இருக்கலாம். 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போகும் என்ற வீண்பழியால் ஐரோப்பாவெங்கும் சுட்டுத்தள்ளினார்கள். ஆல்ப்ஸ் மலையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்தது. சிசிலி, சார்டினியா தீவுகளிலும் மறைந்தது. கிரேக்க நிலப்பகுதியில் ஓநாய்க்கும் நரிக்கும் வைத்த நஞ்சு இதையும் கொன்றது. கிரீட்டில் ஓநாய் கிடையாது. கிரேக்கத்தில் அங்கு மட்டும் இது தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். ஆனாலும் நாய்க்கும் காக்கைக்கும் வைக்கும் நஞ்சு அங்கும் உண்டு. மலைமேய்ச்சல் குறைந்ததில் இரையும் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் முட்டையிடும் ஜோடிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன.

கிரீட் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இவற்றைக் கண்காணித்து, உணவிடங்களையும் அமைத்தது. பலன் மெதுவாகத்தான் வரும். குளிர்காலத்தில் இடும் ஒன்றிரண்டு முட்டைகளில் தேறுவது ஒரே குஞ்சு. அது கூடுகட்டும் வயதுக்கு வர ஏழாண்டு ஆகும். மிக அருகில் உள்ள மற்றக் கூட்டம் துருக்கியில். அங்கிருந்து கடல் தாண்டிப் புதுப் பறவை வந்து சேர்வதும் அரிது.