பாலிமர் போர்த்திய பெப்டைடுகள்

தவளை முதல் மனிதர் வரை பல உயிரினங்கள் கிருமிகளை விரட்டத் தாமே சுரக்கும் சிறு புரதத் துண்டுகளே நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகள். இவற்றை மருந்தாக்கும் முயற்சியில் பாலிமர் இழைகளோடு பிணைப்பது முக்கியமான ஓர் உத்தி.

இப்பெப்டைடுகளின் ஆய்வுக்குப் புகழ் தேடித்தந்தது ஒரு தவளைத் தொட்டி. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப், ஆப்பிரிக்க நகத்தவளையின் வயிற்றைக் கீறிச் சினைப்பையை எடுத்துவிட்டு, தையல் போட்டு, மறுபடி அழுக்குத் தண்ணீரிலேயே விடுவார். புண் சீழ்பிடிக்காமல் ஆறியது. காரணத்தைத் தேடி, தவளைத் தோலில் 23 அமினோ அமிலங்கள் கொண்ட மகைனினைக் கண்டுபிடித்து 1987-இல் வெளியிட்டார். எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதன் வழியில் உருவான பெக்சிகனான் என்ற சர்க்கரை நோய்ப் புண் களிம்புக்கு 1999-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தரவில்லை.

பாக்டீரியாவின் மேற்சவ்வில் எதிர்மின்னேற்றம் மிகுதி. நேர்மின்னேற்றமுள்ள பெப்டைடு அதில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடுகிறது. அளவு கூடினால் நம் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். போதாததற்கு, உடலின் நொதிகள் அதை நறுக்குகின்றன. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது.

பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற இழையைப் பிணைத்தால், அது நீரை இழுத்து உப்பி, பெப்டைடைச் சுற்றி மெத்தைபோல் படர்கிறது. நொதி கிட்டே வருவது கடினம். உருவம் பெருப்பதால் சிறுநீரகத்திலும் எளிதில் வடியாது. நச்சுத்தன்மையும் குறைகிறது. சிக்கல் என்னவென்றால், அதே மெத்தை பாக்டீரியாவையும் தள்ளிவைக்கிறது. எங்கே முடிச்சுப் போடுகிறோம் என்பதும் முக்கியம்: லைசின் என்ற அமினோ அமிலத்தில் பிணைத்தால் கொல்லும் வேலைக்கு வேண்டிய நேர்மின்னேற்றமே பறிபோகலாம். அதனால் நுனியில் சிஸ்டீன் என்ற மற்றோர் அமினோ அமிலத்தைச் சேர்த்து, அங்கே மட்டும் பிணைப்பதுண்டு.

மெல்போர்ன் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் போனது. லைசினும் வேலினும் கலந்த பெப்டைடு இழைகளையே 16 அல்லது 32 கரங்களாக நீட்டி, நட்சத்திர வடிவப் பாலிமர்களைக் கட்டியது. 2016-இல் வெளியான அந்த ஆய்வில், பல மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் பாக்டீரியாவின் தொற்றுள்ள எலிகளிடம் அவை பலன் தந்தன.

ஆனால் கழற்றக்கூடிய போர்வைதான் இன்னும் சாமர்த்தியமான யோசனை. கடைசிக் கை மருந்தாகக் கருதப்படும் கோலிஸ்டின், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய பெப்டைடு. அதை மாவுப்பொருளிலிருந்து கிடைக்கும் டெக்ஸ்ட்ரினோடு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிணைத்தனர். போர்த்தியிருக்கும்வரை மருந்தின் வீரியம் அடங்கியிருக்கும். சோற்றை மெல்லும்போது எச்சிலில் ஊறுகிறதே அமைலேஸ், அந்த வகை நொதி டெக்ஸ்ட்ரினை அரிக்க அரிக்க, கோலிஸ்டின் மெல்ல வெளிப்பட்டு வேலையைத் தொடங்கும்.