ரங்கூன் படம்

விருதுநகரில் ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம். சிவகாசியில் அச்சான திருஇருதய நாட்காட்டியின் கீழ் மங்கிய புகைப்படம் ஒன்று தொங்கியது. புதுநன்மை உடையில் ஒரு சிறுமி. அருகில் அவளுடைய ஞானத்தாய். ரங்கூனில் எடுத்த படம். அச்சிறுமியே இன்று அவ்வீட்டின் பாட்டி.

பர்மா என்றதும் எண்ணெய்ப் பரோட்டாவை நினைக்கும் ஊர் நம்முடையது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1942-இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி, இலட்சக்கணக்கானோர் அரக்கான், மணிப்பூர் வழியே நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். அந்த நடையைக் காட்டும் படம் எவ்வீட்டுச் சுவரிலும் இல்லை. 1964-இல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கவே, மீதியிருந்தோரில் பலரும் பிழைப்பிழந்து கப்பலேறினர்.

“நகையைச் சோதனையில பிடுங்கிக்கிட்டாங்க சாமி. இதை வேண்டாம்னு விட்டுட்டாங்க” என்றார் பாட்டி.

வேண்டாத அந்தப் படந்தான் பின்னர் உதவிற்று. திருமணத்திற்குத் திருமுழுக்குச் சான்று கேட்டார்கள். ரங்கூனுக்கு எழுதிய கடிதத்திற்குப் பதிலில்லை. ஐயத்திற்கு இடமற்ற சாட்சி ஒருவரே போதும் என்பது திருச்சபைச் சட்டம். உடன் கப்பலில் வந்த ஞானத்தாய் படத்தைக் காட்டி, “நான்தான் ஏந்தினேன்” என்று ஆணையிட்டார். ஓலை வாசிக்கப்பட்டது.

சிவகாசி அச்சகத்தில் பணிபுரியும் பேரன் படத்தைக் கழற்றித் திருப்பினான். பின்புறம் பர்மிய எழுத்தில் இரண்டு வரிகள். அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. பாட்டி கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.